மோட்டர்ல ஒண்ணுமில்ல மருமகனே

மூக்கடைப்புன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவனை மல்லாக்கப் படுக்கப் போட்டு நெஞ்சைப் பொளந்து பார்த்த டாக்டரை நீ எங்கயாவது பார்த்திருக்கியா மருமகனே? நான் பார்த்தேன். போன ஞாயித்துக்கிழமை, உன் பட்டறையிலதான்.

பன்விலை பஸ்ஸுல முதுகெலும்பு மூணு எடத்துல இடம் மாறுற மாதிரி குலுங்கி, வத்துகாமத்துல இறங்கி (போர்டுல வத்தேகமன்னுதான் போட்டிருக்கான், நமக்கு அது எப்பவும் வத்துகாமம்தானே), சரி, தங்கச்சி மகன் புதுசாத் தச்சுப் பட்டறை போட்டிருக்கானே, ஒரு பிளேன்டீயாவது கிடைக்கும்னு வந்தேன். வந்து பார்த்தா, தரையில பேப்பர விரிச்சு, அதுமேல ஏழு ஸ்குரூவ வரிசையா அடுக்கி வச்சு, வெக்யூம் கிளீனரோட மண்டையைக் கழட்டிக் கவுத்துப் போட்டு, கையில டெஸ்டரோட உக்காந்திருக்க. பக்கத்துல உன் வீட்டுக்காரி டார்ச் அடிச்சுக்கிட்டு நிக்கிறா. ஆபரேசன் தியேட்டரே தோத்துரும்.

"மாமா, மோட்டர் போச்சு மாமா. இழுக்கவே மாட்டேங்குது. கண்டி டவுன்ல ஒரு கடையில கேட்டேன், புது மோட்டர்தான் போடணுமாம்."

"கடைக்காரன் மெஷினப் பார்த்தானா?"

"இல்ல மாமா, போன்ல சொன்னேன்."

அடேயப்பா! போன்லயே நாடி பிடிக்கிற வைத்தியன் கண்டியில இருக்கான்னு எனக்கு இத்தனை நாளா தெரியாமப் போச்சு. நான் சிரிக்கல. உன் வீட்டுக்காரி குடுத்த பிளேன்டீயை, கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடிச்சுக்கிட்டு, மெதுவாக் குடிச்சேன். குடிச்சு முடிச்சுட்டுத்தான் கேட்டேன்: "கழட்டுறதுக்கு முந்தி மோட்டர் ஓடுச்சா?"

"ஓடுச்சு மாமா. முன்னைய விட வேகமா, கீச்சுன்னு ஓடுச்சு."

அந்த 'கீச்சு'ங்கிற ஒரு வார்த்தையிலயே எனக்கு விசயம் வெளங்கிருச்சு. ஆனா உடனே சொன்னா மாமனுக்கு என்ன மரியாதை? அதான் உன்னை ஒரு மணி நேரம் வேலை வாங்கினேன். என் மகளைக் கட்டியிருந்தா அஞ்சு நிமிசத்துலயே சொல்லிருப்பேன். மாத்தளைப் பக்கம் பொண்ணெடுத்த இல்ல, அனுபவி.

இப்ப ஆற அமரச் சொல்றேன், கேட்டுக்க. சும்மா போற மாடுதான் துள்ளும். பாரம் ஏத்துன மாடு தலையைக் குனிஞ்சு நடக்கும். உன் மெஷின் மண்டைக்குள்ள இருக்கிற காத்தாடிக்குப் பாரம் எது? தூசியில்ல, மரச்சீவல் இல்ல. காத்துதான் அதுக்குப் பாரம். எங்கயோ அடைச்சுக்கிட்டுக் காத்து வரலைன்னா, காத்தாடிக்குத் தள்ளுறதுக்கு ஒண்ணுமில்ல. வேலையில்லாத வீட்டு மருமகன் மாதிரி அது இஷ்டத்துக்குச் சுத்தும். ஏற்கனவே நிமிசத்துக்கு 20,000 சுத்துக்கு மேல சுத்துற சாமான், இன்னும் கொஞ்சம் ஏத்திச் சுத்தும். அதான் கீச்சுச் சத்தம். மோட்டர் செத்தா சத்தம் இறங்கும், முக்கும், கருகும். சத்தம் ஏறினா மூச்சுக்குழாய்ல அடைப்பு. இதைக் கண்டுபிடிக்க டெஸ்டர் வேணாம், காது போதும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்ட. ஸ்டோர்ல முப்பது வருசம் சும்மாவா பேர் போட்டேன்? (தேயிலைப் பேக்டரியத்தான் நாங்க ஸ்டோர்னு சொல்றது. நீ சூப்பர் மார்க்கெட்னு நினைச்சுக்காத.) அங்க ரோதைக்குப் பக்கத்துல ரோதமுனி இருப்பாரு. ரோதைன்னா மெஷின், அதைக் காக்கிற சாமி. ஆயுத பூஜைக்குப் பொங்கல் வச்சுத் தேங்காய் உடைப்போம். நான் படிக்காதவன், ஆனா ரோதமுனி பேசுறது எனக்குக் கேக்கும். பெல்ட் தளர்ந்தா ஒரு பாஷை, பேரிங் காய்ஞ்சா ஒரு பாஷை, கொழுந்து கூடிப் போனா ஒரு பாஷை. பெரிய டீமேக்கர் ஐயா ஆபீஸ்ல உக்காந்து கணக்கெழுதிக்கிட்டு இருக்கும்போதே நான் "ரெண்டாம் ரோதையில கிரீஸ் இல்லைங்க"ன்னு சொல்லிருவேன். அவரு இது ஏதோ மந்திரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தாரு. நானும் அப்படியே நினைக்கட்டும்னு விட்டுட்டேன். ஹந்தானையில 1925ல கட்டுன பழைய ஸ்டோர தேயிலை மியூசியம் ஆக்கி வச்சிருக்கானே, அங்க போய் அந்தப் பழைய ரோதைங்களைப் பாரு. இப்ப அதுங்க பேசாது. ஊமையா, பெயின்ட் அடிச்சு நிக்குதுங்க. எனக்கு அதைப் பார்க்க மனசு வராது.

சரி, வெக்யூமுக்கு வருவோம். இந்தச் சாமான் தூசியை இழுக்குதுன்னு நீ நினைக்கிற. இழுக்கல. உள்ள இருக்கிற காத்தப் பின்னால வெளிய வீசுது. உள்ள காத்து குறையுது. வெளிக்காத்து ஹோஸ் வழியா முட்டிக்கிட்டு வருது. வர்ற வழியில தூசியக் கையோட கூட்டிக்கிட்டு வருது. கல்யாண வீட்டுக்கு ஒருத்தனைக் கூப்பிட்டா லயத்துச் சனமே வர்ற மாதிரி. ஆக, கூப்பிடற ஆளு காத்து. வாசல்ல காத்த நிறுத்திட்டா தூசிக்கு அங்க வேலையில்ல.

இதைக் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தன் பண்ணுன கூத்த என் பேத்தி போன்ல படிச்சுச் சொன்னா. லண்டன்ல ஹியூபர்ட் செசில் பூத்னு ஒரு இன்ஜினியர். 1901. அந்தக் காலத்துல தூசி தட்டுற மெஷின்னா பெரும்பாலும் ஊதித் தள்ளுறதுதான். நீ இப்ப கம்ப்ரஸர்ல மேசையை ஊதிட்டு, தூசி பூரா பக்கத்துக் கடை இடியப்பத்துல விழுகுற மாதிரி பண்றியே, அதேதான். இவன், "ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சினா என்ன?"ன்னு யோசிச்சு, ஹோட்டல்ல சாப்பிடப் போன எடத்துல நாற்காலி மெத்தைமேல கைக்குட்டைய வச்சு, வாயால உறிஞ்சிப் பார்த்திருக்கான். கைக்குட்டையில தூசி வட்டமா அப்பிக்கிச்சு. ஆளுக்கு இருமல் பிச்சுக்கிச்சு. நம்ம ஊர்ல எவனாவது சாப்பாட்டுக் கடையில நாற்காலிய உறிஞ்சியிருந்தா அன்னைக்கே வேப்பிலை அடிச்சுத் தாயத்துக் கட்டியிருப்பாங்க. அங்க அவனுக்கு யோகம்: குதிரை வண்டியில மெஷினை ஏத்தி, வீட்டு ஜன்னல் வழியா நீள ஹோஸை விட்டு வீடு வீடாத் துப்புரவு பண்ணினான். மறு வருசம் ராஜாவுக்கு முடிசூட்டு விழா, கோயில் கம்பளத்தைக் கூட அவன்தான் உறிஞ்சினான்.

கையில தூக்கிட்டுப் போற மாதிரி சின்னதாச் செஞ்சவன் அமெரிக்காவுல ஒரு கூட்டுறவன். ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர். கடை கூட்டுற வேலை, ஆஸ்துமா நோய். 1907ல ஒரு மின்விசிறி மோட்டர், ஒரு தலையணை உறை, ஒரு விளக்குமாத்துக் கம்பு, இவ்வளவுதான் சாமான், செஞ்சுட்டான். மறு வருசம் பேட்டன்ட் எடுத்து, அதை ஹூவர் குடும்பத்துக்கு வித்தான். தூசி தின்னவனுக்குத்தான் தூசியோட வலி தெரியும். முதலாளிமாருக்கு அது கம்பளத்துல இருக்கிற ஒரு அழுக்கு, அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை நான் உன்னைப் பண்ணச் சொன்னத ஞாபகம் வச்சுக்க, அடுத்த தடவை பஸ் காசு மிச்சம். மண்டையைத் திருப்பி மாட்டச் சொன்னேன். ஹோஸைக் கழட்டச் சொன்னேன். ஓட விட்டு, டேங்கி வாசல்ல உள்ளங்கைய வைக்கச் சொன்னேன். கையைப் பிடிச்சு 'டப்'புன்னு இழுத்துச்சா? இழுத்துச்சு. அப்ப மண்டையும் நல்லாருக்கு, பில்டரும் மூடியும் பெரிசாப் பழுதில்ல. நோய் ஹோஸ்லதான். அங்க இழுக்கலைன்னா பில்டரைக் கழட்டிட்டு ஒரே ஒரு நிமிசம் ஓட விட்டுப் பாக்கணும். தூசிய உறிஞ்சப்படாது, சும்மா கையை வச்சுப் பாக்கணும். அப்ப இழுத்தா குத்தம் பில்டர்ல. அப்பவும் இழுக்கலைன்னா மூடியோட ரப்பரைப் பாரு, தண்ணிக்காக உள்ள இருக்கிற மிதவை மேல போய் ஒட்டிக்கிச்சான்னு பாரு. அதுக்கும் அப்புறம்தான்டா மோட்டர். நீ கடைசிப் படியில ஆரம்பிச்சு மேல ஏறப் பார்த்த.

அப்புறம் ஹோஸ். ஒரு கோலிக்குண்ட உள்ள போட்டுத் தூக்கிப் பிடிச்சா மறுபக்கம் விழணும். விழல. நீ உடனே தோட்டத்து வேலிக் கம்பியக் கொண்டு வந்த. ஏன்டா, ஹோஸ் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? கம்பி குத்தினா உள்ளுக்குள்ள ஓட்டை விழும். வெளிய தெரியாது. பிறகு காத்து அந்த ஓட்டையில பூந்துக்கிட்டு, ஆயுசு பூரா நீ 'இழுக்கலை இழுக்கலை'ன்னு அழுவ. மூங்கில் பிளாச்சை எடுத்து, நுனியில துணி சுத்தி, மெதுவாத் தள்ளு. இல்ல, ஊதுற வாய்ல ஹோஸை மாட்டி மறுபக்கமா ஊதி விடு. ஊதும்போது நுனிய ஆள் மூஞ்சிக்கு நேரே பிடிக்காத. நீ பிடிச்ச. உன் வீட்டுக்காரி மூஞ்சிக்கே பிடிச்ச. அன்னைக்கு ராத்திரி உனக்குச் சோறு கிடைச்சுச்சான்னு நான் கேக்கல.

என்ன வந்து விழுந்துச்சு? இழைப்புளிச் சீவல் ஒரு முழம், சுருண்டு, புறாக் கூடு மாதிரி. அதுக்குள்ள பென்சில் ஒண்ணு. உன் காதுல சொருகி இருந்த, ரெண்டு வாரமாத் தேடி, உன் வீட்டுக்காரி மேல பழியைப் போட்ட அதே பென்சில். கூடவே ஒரு லொத்தர் டிக்கெட், பரிசு விழாதது. பென்சில் குறுக்கால நின்னுச்சு, சீவல் அதுல வந்து கூடு கட்டுச்சு. ஆத்துல ஒரு மரம் குறுக்கால விழுந்தா குப்பை சேர்ற மாதிரி. கடைக்காரன் சொன்ன புது மோட்டருக்கும் அந்த பென்சிலுக்கும் விலையை ஒப்பிட்டுப் பாரு.

நீளச் சீவலைக் கையால அள்ளு மருமகனே. மாட்டுக்கு, கோழிக்குன்னு கேட்டு வர்றவன் இருக்கான். குடுத்தா முட்டையாவது வரும். மெஷினுக்குத் தூளை மட்டும் குடு.

மூடி ரப்பரப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்டோர்ல வாடல் தொட்டி பார்த்திருக்கியா? நீள வலை, அதுமேல கொழுந்தப் பரத்தி, கீழ இருந்து காத்தாடி ஊதும். கொழுந்த ஒரு எடத்துல மொத்தமாவும், ஒரு எடத்துல மெல்லிசாவும் பரத்தினா என்ன ஆகும்? காத்து மெல்லிசான எடத்துல பூந்து ஓடிரும். மொத்தமான எடம் வாடாம வேர்க்கும். காத்து மாதிரி சோம்பேறி உலகத்துல இல்ல. நீளமான ஹோஸ் வழியா, பில்டர் வழியா முக்கி முக்கி வர்றதை விட, மூடி ஓரத்துல நூல் அளவு சந்து கிடைச்சா அங்கதான் பூரும். உன் டேங்கி விளிம்புல காய்ஞ்ச பசையும் மரத்தூளும் அப்பிக் கிடந்துச்சு, பார்த்தியா? ஈரத்துணியால துடைச்சதும் மூடி 'க்ளுக்'குன்னு உக்காந்துச்சு. ஹோஸ் சொருகுற எடத்துல கீறல் இருந்தா வயர் ஒட்டுற டேப்பைச் சுத்து. அதுக்கும் காசு இல்லைன்னா உன் மாமனைக் கேளு, இல்லைன்னு சொல்லிருவேன்.

இனி பில்டர். இதுலதான் உங்க வீட்டுக் கதை ஊர் சிரிச்சுச்சு. கழுவலாம்னு எழுதியிருந்தா மட்டும்தான் கழுவணும். முதல்ல வெளிய கொண்டு போய், வாய்ல துணி கட்டிக்கிட்டு, குப்பைத் தொட்டி உள்பக்கத்துல மெதுவாத் தட்டணும். மடிப்பு மடிப்பா இருக்கிறதால பிரஸ்ஸை வச்சு வரட்டு வரட்டுன்னு தேய்க்காத. தூள் இன்னும் ஆழமாப் போய்க் குந்திக்கும், தாளும் கிழியும். கழுவினா உள்ளிருந்து வெளியே போற மாதிரி தண்ணிய விடு. அதுக்கப்புறம் காயணும். முழுசாக் காயணும். ஈரத்தோட மாட்டினா மரத்தூள் அதுல ஒட்டி ரொட்டி மாவாயிரும், நாலு நாள்ல பூஞ்சை. வத்துகாமத்துல ஐப்பசி மழையில துவைச்ச சாரமே மூணு நாள் காயாது, பில்டர் எங்க காயறது? அதனாலதான் சொல்றேன், ரெண்டு பில்டர் வச்சுக்க. ஒண்ணு காயட்டும், ஒண்ணு மெஷின்ல கிடக்கட்டும்.

நீங்க என்ன பண்ணினீங்க? அடுப்புக்கு மேல, கருவாட்டுக்குப் பக்கத்துல தொங்க விட்டீங்க. அதை அப்படியே மாட்டி ஓட்டினா, பின்னால வர்ற காத்து பூரா கட்டாக் கருவாட்டு வாசம். பட்டறை, மரம், செஞ்சு வச்ச சாமான் எல்லாம் மணக்குது. அலுமாரி எடுக்க வந்த மாத்தையா மூக்கைச் சுருக்கிட்டு, "பாஸ் உன்னே, இது உடுப்பு வைக்கவா, மாலு வைக்கவா?"ன்னு கேட்டுட்டுப் போனாராமே. இதை எனக்கு யார் சொன்னான்னு கேக்காத. உங்கம்மாதான் சொன்னா.

பில்டர் அடிக்கடி அடைக்குதுன்னா, தூளை அங்க வரைக்கும் போக விடாம முன்னாலயே பிடிச்சுக்கணும். உள்ள போடுற பை ஒண்ணு இருக்கு. முக்கால் வாசி நிறைஞ்சதும் மாத்து. மாத்தாம, வாயைக் கட்டித் தைச்சுத் திரும்பத் திரும்பப் போட்டா இழுவை குறையும். இன்னொண்ணு, நீ போன்ல காட்டி "மாமா, புது டெக்னாலஜி, சைக்ளோன்"னு சொன்னியே, வாளி மேல புனல் வச்ச சாமான். புது டெக்னாலஜியா? எங்க ஸ்டோர்ல தேயிலை காய வைக்கிற மெஷினுக்குப் பக்கத்துல அதே புனல், ஆள் உயரத்துக்கு மேல நின்னுச்சு! காத்த ஓரமா நுழைய விட்டுச் சுத்த வச்சா, கனமான தூள் சுவத்துல மோதிக் கீழ விழும், காத்து மட்டும் நடுவுல மேல போகும். மர மில் கூரை மேலயும் அதான் நிக்குது. டைசன்னு ஒரு வெள்ளைக்காரன் 1978 வாக்குல மர மில்லுல இதைப் பார்த்துட்டுத்தான், வீட்டு வெக்யூமுக்குள்ள வைக்கப் பார்த்தான். 5,127 மாதிரி செஞ்சு பார்த்தானாம், அப்புறம்தான் சரியா வந்துச்சாம். நீ ரெண்டாவது தடவையே ஸ்குரூவ எறியிற. அந்தப் புனல் வாளிய வாங்கு, குத்தமில்ல. தூளில பெரும்பகுதி வாளியிலயே நின்னுரும். ஆனா மெல்லிசான ப்ளாஸ்டிக் வாளியா வாங்காத. ஹோஸ் அடைச்சா வாளி உள்ளுக்கு ஒடுங்கிச் சப்பி நிக்கும், கிழவி கன்னம் மாதிரி.

தண்ணி உறிஞ்சும்போது வேற கதை. பையையும் தாள் பில்டரையும் எடுத்துட்டு ஸ்பான்ஜ் உறையப் போட்டுக்க. உள்ள ஒரு மிதவை இருக்கு. தண்ணி நிறைஞ்சா அது மேல போய் வாயை அடைச்சுரும், தண்ணி மோட்டருக்குப் போயிடாம. அப்பவும் அதே கீச்சுச் சத்தம் வரும். பயந்துராத. நிறுத்து, தண்ணியக் கொட்டு, நிமித்தி வை, மிதவை தானா இறங்கும். மண்டையைச் சாச்சாலும் அது ஒட்டிக்கும், நிறுத்தித் தட்டினா விட்டுரும். ஆனா சோப்பு நுரைய மட்டும் உறிஞ்சாத. மிதவைக்கு நுரை தெரியாது. அது 'யாரோ சொந்தக்காரங்க போல'ன்னு வழி விட்டுரும், நுரை நேரா மோட்டர்ல போய்ச் சம்மந்தம் பேசும். ஈர வேலை முடிஞ்சா, டேங்கியத் தொடச்சு ரெண்டு நிமிசம் வெறுமனே ஓட விடு.

கரண்டு விசயத்துல நான் நையாண்டி பண்ணல, இதைக் கேளு. உன் மெஷின் 1,400 வாட். நம்ம நாட்டுக் கரண்டு 230 வோல்ட். வகுத்துப் பாரு, 6 ஆம்பியருக்கு மேல இழுக்குது. நீ அதைப் பழைய 5 ஆம்பியர் உருண்டைப் பின் சொக்கெட்டுல, மல்டி பிளக்குல, சோறு வேகுற குக்கருக்குப் பக்கத்துல சொருகி வச்சிருக்க. பிளக் சுட்டுப் பழுப்பேறி நிக்குது. 13 ஆம்பியர் சொக்கெட்டு தனியாப் போடு, வயர்காரனைக் கூப்பிட்டு. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளோட வச்சு ஓட்டாத, முழுசா உருவி விடு, சுருள்ல சூடு சேரும். டுபாயில இருந்து மச்சான் கொண்டு வந்த உன் மெஷினுக்கு நம்ம வோல்ட் சரி. அமெரிக்காக்காரன் 120 வோல்ட் மெஷினை எவனாவது இனாமாக் குடுத்தா, கும்பிட்டுத் திருப்பிக் குடுத்துரு. இங்க சொருகின மறு நிமிசம் பட்டாசு.

தை, மாசியில காய்ஞ்ச காத்துல ஹோஸைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதுன்னு நீ ஒரு நாள் பேய்க்கதை சொன்ன. பேயுமில்ல, ரோதமுனியும் கோவிக்கல. காய்ஞ்ச தூள் ப்ளாஸ்டிக்குல உரசிக்கிட்டு ஓடுறதால வர்ற மின்சாரம். ஸ்டோர்ல இதையே வேலைக்கு வச்சுக்குவாங்க. உரசின உருளை தேயிலைக்குள்ள கிடக்கிற நாரைத் தன்னால இழுத்துக்கும். ஹோஸுக்கு வெறும் செப்புக் கம்பியச் சுத்தி எர்த் இருக்கிற இரும்புல கட்டினா சுருக்கு நின்னுரும்.

நெருப்புக்கும் இதுக்கும் ஆகாது. அது உனக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் என் கண்ணு முன்னாலயே கிரைண்டர்ல இரும்பை உரசிட்டு, அந்தப் பொறியோட மரத்தூள் டேங்கிக்குள்ள உறிஞ்சின. மரத்தூளுக்குள்ள ஒரு பொறி புகைஞ்சுக்கிட்டே கிடக்கும், நீ சாப்பிட்டுத் தூங்கின பிறகு எழும்பும். உன் வீட்டுக்காரி அடுப்புச் சாம்பலை எடுக்கக் கேட்டாலும் குடுக்காத. சாம்பல் ஆறினாப்புல இருக்கும், உள்ள கங்கு சிரிச்சுக்கிட்டு இருக்கும். தின்னர் சிந்தின எடத்துல சுவிட்சையே போடாத. உள்ள மோட்டரோட காபன் கட்டை தேயிற எடத்துல பொறி பறக்குது, தின்னர் ஆவி அதைத்தான் தேடிக்கிட்டு நிக்குது. பலா இழைக்கிற தூளு மஞ்சள் மாதிரி மூக்கெல்லாம் படியுது. பிக்குமார் சீவரத்துக்குச் சாயம் போட்ட மரம்டா அது, உன் நுரையீரலுக்குச் சாயம் போட இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிக்காரங்க 1995லயே மரத்தூளைப் புற்றுநோய் தரும் சாமான்ல சேர்த்துட்டாங்க. மூக்குக்குள்ள வர்றது. ஸ்டோர்ல தேயிலைப் பஞ்ச முப்பது வருசம் தின்னவன் சொல்றேன், இருமல் எனக்கு இன்னும் பென்சன் வாங்கல. முகத்துக்கு மாஸ்க் போட்டுக்க. பை கொட்டும்போதுதான் முக்கியமாப் போட்டுக்க. அந்த நேரத்துலதான் எல்லாத் தூளும் ஒண்ணா எழும்பும்.

மோட்டருக்கு நோயே வராதான்னா வரும். பின்பக்க ஓட்டையில நீலப் பொறி பறக்கும், கருகின வாடை அடிக்கும், சுவிட்ச் போட்டா ஓடாது, மண்டையில தட்டினா ஓடும். அதுவும் உன்னை மாதிரிதான். தட்டினாத்தான் ஓடும்னா உள்ள இருக்கிற ரெண்டு காபன் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். பிளக்கை உருவிட்டுக் கழட்டி, பழசை எடுத்துட்டுப் போய் ஹாட்வெயார்ல அளவு காட்டி வாங்கு, ரெண்டையும் சேர்த்து மாத்து. சூடேறித் திடீர்னு நின்னா, சூட்டுக்குப் பயந்து அதுவா நிக்கிது. ஒரு மணி நேரம் ஆற விடு, அதுக்குள்ள ஹோஸையும் பில்டரையும் பாரு. மண்டையோரம் மூச்சு விடுற சின்ன ஓட்டைங்களை மரத்தூள் மூடியிருந்தாலும் அப்படித்தான்.

2022ல ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் கரண்டை வெட்டினானே, ஞாபகமிருக்கா? அப்ப இந்தச் சாமான் மூலையில குந்திக்கிட்டு இருந்துச்சு. ஈர்க்குமாறு மட்டும் வேலை செஞ்சுச்சு. அதுக்கு பில்டர் இல்ல, காபன் இல்ல, கடைக்காரன் போன்ல வைத்தியம் சொல்ல மாட்டான். அதைத் தூக்கி எறிஞ்சிராத.

இப்ப கடைசியா, நேத்து நீ போன் பண்ணி, "மாமா, மெஷின் பிரமாதமா இழுக்குது, ஆனா மண்டைய முடுக்க ஆறு ஸ்குரூதான் இருக்கு, ஒண்ணைக் காணோம்"னு கேட்டியே. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு, பேப்பர் மேல ஏழு இருந்துச்சு. இழுக்குதான்னு சோதிச்சுப் பாக்க நீ முதல்ல எந்த எடத்துல ஹோஸை வச்ச? அந்தப் பேப்பர் மேல வச்ச. டிணுங்குன்னு ஒரு சத்தம் டேங்கிக்குள்ள கேட்டுச்சு, எனக்குக் கேட்டுச்சு, உனக்குக் கேக்கல. போய்ப் பையைப் பிரிச்சுப் பாரு. மாஸ்க்க மறந்துராத.